அரசமரம் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லை

1/ போன வாரம் வ. புதுப்பட்டியில இருந்து ஒரு ஐயாவைத் தூக்கிட்டு வந்தாங்க. நாற்பது வருஷ பீடி, நுரையீரல் ஏற்கெனவே பழுது. ரத்தத்துல ஆக்சிஜன் அளவு 78. உதடெல்லாம் நீலம். "எத்தனை நாளா இப்படி?"ன்னு கேட்டேன். மகன் சொன்னார்: "மூணு நாளா டாக்டர். அரசமரத்தடியில கட்டில் போட்டுப் படுக்க வச்சோம். அது ராத்திரியும் ஆக்சிஜன் விடும்ல?"

2/ அந்த மகன் மேல எனக்குக் கோபம் இல்ல. அந்த ஃபார்வேர்டை எழுதினவன் மேலதான். 2021-ல கொரோனா இரண்டாம் அலையிலயும் உத்தரப்பிரதேசத்துல ஷாஜஹான்பூர் பக்கம் நோயாளிகளை இப்படி அரசமரத்தடியில படுக்க வச்சாங்க.

3/ இலை ஆக்சிஜன் விடுறது நமக்காக இல்ல. அது தனக்குச் சமைக்குது. வெயிலோட ஆற்றலை வச்சுத் தண்ணியைப் பிரிச்சு, கரியமில வாயுவையும் சேர்த்துச் சர்க்கரை தயாரிக்குது. தண்ணி பிரியும்போது வெளியேறுறதுதான் ஆக்சிஜன். வெளிச்சம் இல்லன்னா அது நடக்காது. யான் இங்கென்ஹவுஸ் 1779-லயே சோதிச்சுக் காட்டிட்டார்.

4/ ராத்திரி அரசமரமும் நம்மள மாதிரி ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவைத்தான் விடும். அதுக்காகப் 'புளியமரத்தடியில படுத்தா செத்துடுவோம்'னு பயப்படவும் வேணாம். திறந்த வெளியில அது காத்தோட கலந்து போயிடும்.

5/ காத்துல ஆக்சிஜன் சுமார் 21%. அரசமரத்தடியிலயும் அதேதான், பஸ் ஸ்டாண்டுலயும் அதேதான். "மரத்தடியில இதமா இருக்கே?" இருக்கும். நிழல், குளிர்ச்சி, அடுப்புப் புகை இல்ல. அது வேற.

6/ ஐயாவுக்குக் குறை காத்துல இல்ல, நுரையீரல்ல. நாம தின்ன இட்லியில இருக்கிறது நெற்பயிர் பிடிச்சு வச்ச வெயில். அந்தச் சர்க்கரையை ஆக்சிஜன் வச்சு எரிச்சு, ஏடிபிங்கிற சக்தியா மாத்துறது பெரும்பாலான செல்களுக்குள்ள இருக்கிற மைட்டோகாண்ட்ரியா. ஆக்சிஜன் அங்க போய்ச் சேரலன்னா இதயம், மூளை எதுவும் ஓடாது. சுத்தமா நின்னுட்டா நாலஞ்சு நிமிஷத்துல மூளை சாக ஆரம்பிச்சிடும்.

7/ ஆக்சிஜன், நெபுலைசர், ஊசி மருந்து எல்லாம் கொடுத்து ஐயா தேறிட்டார். முதல் நாளே வந்திருந்தா இவ்வளவு பாடு இல்ல.

8/ அரசமரத்தைச் சுத்துங்க, கும்பிடுங்க, நாலு கன்னு நடுங்க. ஆனா மூச்சு வாங்கி ஒரு வாக்கியம் முழுசாப் பேச முடியலன்னா, உதடு நீலமானா, 108-க்குப் போன் பண்ணுங்க. அரசு ஆஸ்பத்திரியில ஆக்சிஜனுக்குக் காசு கிடையாது. இதையும் அதே ஃபேமிலி குரூப்ல போடுங்க.