கூட்டை விட்டுவிட்டு சோற்றைப் பிடுங்குவதா?

மழைக்காலம் முடிந்ததும் ஒரு முறை வேடந்தாங்கல் ஏரிக்கரைக்குப் போய்ப் பாருங்கள். தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களில் கிளைக்குக் கிளை கூடு. நத்தைகுத்தி நாரை, நீர்க்காகம், கூழைக்கடா, அரிவாள்மூக்கன்... ஒன்றா, இரண்டா!

இவற்றைக் காப்பாற்றியது யார்? மகாராஜாவா, மந்திரியா? இல்லை. அந்த ஏரித் தண்ணீரில் நெல் விளைவிக்கும் ஜனங்கள். பறவையின் எச்சம் தண்ணீரில் கரைந்து மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் காசில்லாமல் கிடைக்கிறது. இதைக் கண்டுபிடிக்க அவர்கள் நிபுணர் கமிட்டி போடவில்லை! கும்பெனி காலத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798 வாக்கில் சுடக்கூடாதென்று எழுதி வாங்கினார்கள். தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் அது.

1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சரணாலயம் என்று சர்க்கார் அறிவித்தது. 2020-ல் வனத்துறை என்ன செய்தது? 3 கிலோமீட்டர் போதும், வெளியே உள்ள 2 கிலோமீட்டரைக் கழித்துவிடலாம் என்று யோசனை அனுப்பியது. அந்த வெளி வட்டத்தில்தான் ஒரு பெரிய மருந்துக் கம்பெனியின் ஆலை நிற்கிறது. ஆலையை விரிவாக்கவும் கம்பெனி அனுமதி கேட்டிருந்தது. அதிகாரிகளோ, 'எல்லையை ஒழுங்குபடுத்துகிறோம்' என்றார்கள். அடடா, என்ன பொருத்தம்!

பறவை மரத்தில் கூடு கட்டும், மரத்தையே தின்னுமா? ஏரி வெறும் 30 ஹெக்டேர் சுமார். நத்தையும் தவளையும் மீனும் தேடி அது பறப்பது சுற்றியுள்ள வயலுக்கும் குளத்துக்கும்தான். அந்த நிலத்தைப் பறித்தால் கூடு மட்டும் எதற்கு?

"ஆலை வளர்ந்தால் வேலை கிடைக்குமே" என்று நம் தோழர்களிலேயே சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆலைத் தொழிலாளிக்காகப் பத்திரிகை நடத்தும் நாம் ஆலைக்கு விரோதிகளா? ஆனால் ஆலையை வேறிடத்தில் கட்டலாம். ஏரியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. கழிவு நீர் மடையில் கலந்தால், முழங்கால் வரை அதில் நின்று நாற்று நடப்போகிறவள் முதலாளி வீட்டுப் பெண்ணா? சுள்ளி பொறுக்கும் கிழவியை மிரட்டுகிற வனச் சட்டம், கம்பெனி வாசலுக்கு வந்ததும் ஏன் இப்படிக் குழைகிறது?

1998-ல் எழுதிய 5 கிலோமீட்டர் எழுதியபடி நிற்க வேண்டும். ஒரு முழம்கூட விட்டுக் கொடுக்க மாட்டோம். அந்த வட்டத்துக்குள் எதைச் செய்வதானாலும், ஊர் மந்தையில் கூட்டம் போட்டு, ஏர் பிடிப்பவனையும் நாற்று நடுபவளையும் முதலில் கேட்கட்டும்.