புண்ணியம் கூலியாகுமா?

நமது நாட்டில் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய கூலியைக் கொடுக்காமல் ஏமாற்ற வேண்டுமானால், அவர் செய்யும் வேலைக்குத் “தொண்டு” என்று ஒரு பெயர் வைத்துவிட்டால் போதும். பிறகு அவர் கூலி கேட்டால் பேராசைக்காரர். ஓய்வு கேட்டால் சோம்பேறி. முதுகு வலிக்கிறது என்றால் மனமிரங்காதவர். இந்தத் தந்திரம் மிகவும் கொடுமையாக நடைபெறுவது, அறிவு வளர்ச்சியில் குறைபாடு உடையவர்களைப் பராமரிக்கும் ஆயாக்கள், உதவியாளர்கள் விஷயத்திலாகும்.

விடுதிகளிலாவது இவர்களுக்குச் சிப்பந்தி என்ற பெயர் உண்டு. ஆரம்பாக்கத்தைச் சுற்றிலும் பழவேற்காடு ஏரியை ஒட்டியும் இருக்கிற குப்பங்களில் இவ்வேலையைச் செய்பவர்கள் அநேகமாய்த் தாயும் பாட்டியும் அக்காளுமேயாவார்கள். ஆண்கள் ஏரிக்குப் போய்விட்டால், இருபது வயதுப் பிள்ளையைத் தூக்கிக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, இரவில் விழித்திருப்பதும் அவர்கள்தாம். அவர்களுக்குச் சம்பளமும் இல்லை, லீவும் இல்லை. “போன ஜென்மத்துக் கடன் தீர்க்கிறாள்” என்கிற ஒரு பட்டந்தான் உண்டு.

இந்தப் போன ஜென்மத்துக் கதையை முதலில் விசாரிப்போம். டவுன் நோய்க்குறி என்பது உயிரணுவில் 21ஆவது நிறமூர்த்தம் ஒன்று அதிகப்படியாக இருப்பதால் வருகிறது என்று 1959இல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் கண்டு சொல்லிவிட்டார்கள். கர்ப்பிணிக்கு அயோடின் போதாமையாலும், பிரசவத்தில் குழந்தையின் மூளைக்குப் பிராணவாயு எட்டாமையாலும் இத்தகைய குறைகள் நேரிடக்கூடும் என்று வைத்தியம் சொல்லுகிறது. இதில் பாவம் எங்கே வந்தது? குழந்தைக்குப் பாவம், தாய்க்குக் கர்மம், ஆயாவுக்குப் புண்ணியம் என்று மூன்று பேருக்கும் மூன்று வார்த்தைகளைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டு, சமூகம் கையைக் கழுவிக்கொள்ளுகிறது என்பதைத் தவிர இதில் வேறு சங்கதி இல்லை.

இதன் பலன் என்ன என்பதை ஏர்வாடி காட்டிற்று. இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் தர்காவை நம்பி மனநோயாளிகளைக் கொண்டுவந்து விடுவது வெகுகால வழக்கம். அதை வைத்துத் தனியார் பலர் விடுதி நடத்தினார்கள். 2001ஆம் வருஷம் ஆகஸ்டு 6ஆம் தேதி விடியற்காலையில் அப்படிப்பட்ட கொட்டகை ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தபடியால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். பின்னர் சர்க்கார் அங்கிருந்த இத்தகைய விடுதிகளை மூடி, ஐந்நூறுக்கு மேற்பட்டவர்களைத் தன் பராமரிப்பில் ஏற்றது. மனநோய் வேறு, அறிவு வளர்ச்சிக் குறைபாடு வேறு என்பதை நாம் அறிவோம். ஆனால் சங்கிலிக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

ஏன் கட்டினார்கள்? பழகிய ஆட்களைப் போதுமான அளவு வைத்துச் சம்பளம் கொடுப்பதைவிடச் சங்கிலி மலிவு என்பதைத் தவிர நமக்கு வேறு காரணம் தோன்றவில்லை. தெய்வம் குணப்படுத்தும் என்று நம்புகிறவனுக்கு ஆள் எதற்கு, பயிற்சி எதற்கு, தீயணைக்கும் மணல் வாளிதான் எதற்கு? தர்காவாயிருந்தாலும், கோயிலாயிருந்தாலும், மாதா கோவிலாயிருந்தாலும் நமது கேள்வி ஒன்றுதான்.

“சிப்பந்தியின் பாதுகாப்பைப் பற்றியே பேசுகிறீர்களே, நோயாளியின் கதி என்ன?” என்று சிலர் கேட்கலாம். இரண்டும் ஒன்றேதான் என்று பதில் சொல்லுகின்றோம். பராமரிப்பவர் தனியாகத் தூக்கி இடுப்பொடிந்தால், கீழே விழுகிறவர் பராமரிக்கப்படுகிறவரேயாவார். இரண்டு இரவு தூங்காதவர் கைதான் மூன்றாம் நாள் அடிக்கும். இது இந்த நாட்டுக்கு மாத்திரம் உரியதல்ல. அமெரிக்காவில் நியூயார்க்கில் வில்லோபுரூக் என்ற சர்க்கார் விடுதியில் 4,000 பேருக்கான இடத்தில் 6,000 பேர் வரை அடைக்கப்பட்டார்கள். ஆள் போதவில்லை, அசுத்தம் மிகுந்தது, ஈரலைத் தாக்கும் காமாலை பரவிற்று. 1972இல் தொலைக்காட்சியில் அந்தக் கோரத்தைக் கண்டு உலகம் திடுக்கிட்டது. 1987இல் விடுதியே மூடப்பட்டது. பணக்கார தேசமானாலும், ஆளைக் குறைத்தால் நடப்பது இதுதான்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? முதலாவது, வளர்ந்த ஒருவரை ஒருவரே தூக்கக்கூடாது. நோயாளியைக் கையால் தூக்குவதில் ஒருவர் தாங்கும் பாரம் சுமார் 16 கிலோவுக்கு மேல் போகலாகாது என்று தொழில் சுகாதார நிபுணர்கள் சொல்லுகிறார்கள். ஆதலால் இரண்டு பேராவது வேண்டும். சறுக்குத் துணியோ தூக்கும் கருவியோ வேண்டும். சக்கர நாற்காலியின் பிரேக்கை முதலில் போட வேண்டும்.

இரண்டாவது, விடுதிச் சிப்பந்திகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் முதலாளி செலவில் போடப்பட வேண்டும். கடிபட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி வைத்தியரிடம் போக வேண்டும்.

மூன்றாவது, வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவி கொடுப்பது வெறும் மூடத்தனம். அவரை அழுத்திப் பிடிக்கவும் கூடாது, வாயில் எதையும் திணிக்கவும் கூடாது. பக்கத்தில் இருக்கும் கல்லையும் கட்டையையும் அகற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108க்குச் சொல்ல வேண்டும்.

நான்காவது, பேச முடியாத பிள்ளை அடித்தால் அதைப் “பேய்” என்று சொல்லாமல், பல்வலியா, காதுவலியா, பசியா என்று தேட வேண்டும். எப்பொழுது, எதனால் அடித்தது என்று எழுதி வைத்தால் காரணம் தானே தெரியும்.

ஐந்தாவது, எந்த விடுதியிலும் இரவில் ஒரே ஒருவரைக் காவல் வைக்கக்கூடாது. தீ வந்தால் யார் யாரை எந்தக் கதவு வழியாக வெளியேற்றுவது என்பதை மாதம் ஒருமுறை நடத்திப் பார்க்க வேண்டும்.

சட்டம் இல்லையா என்றால், உண்டு. எந்த விதத்திலும் சங்கிலியிடுவதை 2017ஆம் வருஷத்து மனநலச் சட்டம் தடுக்கிறது. ஆனால் 2020இல் இயற்றப்பட்ட தொழிற் பாதுகாப்புச் சட்டம் பொதுவாகப் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களுக்கே பொருந்துகிறது. நான்கு ஆயாக்கள் உள்ள சிறு விடுதிக்குக் கதி என்ன? குடிசையில் ஒண்டியாய்ப் பாடுபடும் தாய்க்குக் கதி என்ன? ஒன்பது பேருடைய முதுகுக்கு வலி தெரியாதா? சர்க்கார் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். முட்டுக்காட்டில் 2005இல் நிறுவப்பட்ட, பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிலையத்தில் உள்ள அறிவு, ஆரம்பாக்கம் வரைக்கும் நடந்துவர வேண்டாமா?

சர்க்கார் வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கப் “பாடு” என்று ஒரு முறை இருக்கிறது. இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்ளுகிறார்கள். அதில் உள்ள சாதிக்கட்டையும் பெண்களுக்கு இடமில்லாமையையும் நாம் ஒப்பவில்லை. ஆனால் முறை வைத்துப் பங்கிடும் அந்த அறிவு நல்ல அறிவேயாகும். மீனுக்குப் பாடு வைக்கத் தெரிந்த ஊருக்குப் பிள்ளைக்குப் பாடு வைக்கத் தெரியாதா? வாரத்தில் ஒருநாள் பக்கத்து வீட்டார் இரண்டு பேர் வந்து இருந்தால், அந்தத் தாய் அன்றைக்குத் தூங்குவாள். அந்த முறையில் ஆண்களும் நிற்க வேண்டும். மகனைத் தூக்குவது தாய்க்கு மாத்திரம் விதித்த வேலை என்று எந்த இயற்கை விதியும் சொல்லவில்லை.

தோழர்களே! பராமரிப்பு என்பது தவமும் அல்ல, தண்டனையும் அல்ல. அது ஒரு தொழில், பயிற்சி வேண்டிய தொழில், ஆபத்துள்ள தொழில். அதற்குக் கூலியும், ஓய்வும், பாதுகாப்பும் கொடுக்க மனமில்லாதவர்கள், “நீ புண்ணியவதி” என்று சொல்லும் வாயையாவது மூடிக்கொள்ளட்டும் என்று தெரிவித்துக்கொள்ளுகின்றோம்.