எண்ணெய் வயல்கள் ஒன்று சேரும்போது: பாகூர் விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

எண்ணெய் வயல் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஒரு கிணறும் அதைச் சுற்றிய வேலியும்தான். நிறுவனங்களின் கணக்கு வேறு. சிறிய வயல் ஒன்றில் கிடைக்கும் எண்ணெய், அதற்கென்றே சேகரிப்பு நிலையமும் குழாயும் அமைக்கும் செலவைத் தாங்காது. பக்கத்து வயல்களோடு இணைத்துப் பொது நிலையம் ஒன்றை வைத்தால் கட்டுபடியாகும்.

மத்திய அரசின் கொள்கையும் இந்தத் திசையில்தான் செல்கிறது. 2016-ல் 67 சிறு வயல்கள் 46 ஒப்பந்தப் பகுதிகளாகத் தொகுக்கப்பட்டு ஏலத்துக்கு வந்தன. 2017 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்ற 31 பகுதிகளில் நெடுவாசலும் காரைக்காலும் இருந்தன. 1948-ம் ஆண்டின் எண்ணெய் வயல்கள் சட்டத்துக்கு 2025-ல் வந்த திருத்தம், குத்தகைகளை இணைப்பதற்கும், உற்பத்தி, சுத்திகரிப்பு வசதிகளைப் பகிர்ந்துகொள்வதற்கும் விதி வகுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது.

சோரியாங்குப்பம் போன்ற தென்பெண்ணைக் கரை ஊர்களுக்கு இதில் என்ன அக்கறை? காவிரிப் படுகை என்று எண்ணெய்த் துறை சொல்வது டெல்டாவோடு முடிவதில்லை. அதன் வடபகுதிக்கு அரியலூர்-புதுச்சேரி துணைப்படுகை என்றே பெயர். மரக்காணம் முதல் கடலூர் வரை, பெரும்பகுதி கடலாகவும் சிறுபகுதி கரையோர நிலமாகவும் உள்ள 1,794 சதுர கிலோமீட்டர் பரப்பு 2018-ல் ஆய்வுக்காக வேதாந்தா நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. நமக்கு நடுவில் பாகூர் இருக்கிறது.

வயல்களைச் சேர்த்து மேம்படுத்துவதில் நன்மையும் உண்டு. நிலையங்கள் குறையும். எடுக்கும் நிலம் குறையும். டேங்கர் லாரிகள் கிராமச் சாலையில் ஓடுவதும், எரிவாயுவை வீணாக எரிப்பதும் குறையும். ஆனால் சுமை எல்லா ஊருக்கும் சமமாகப் பிரியாது. எண்ணெயோடு நிலத்தடியிலிருந்து உப்பு நீரும் மேலே வரும். பல கிணறுகளின் உப்பு நீர் பொது நிலையம் இருக்கும் ஒரே ஊருக்கு வந்து சேரும். அதைச் சுத்திகரித்து ஆழத்தில் செலுத்தும் வேலையில் பிசகு நேர்ந்தால் முதலில் பாதிக்கப்படுவது பக்கத்து ஆழ்துளைக் கிணறுதான்.

புதுச்சேரியின் நெற்களஞ்சியமான பாகூர், சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக ஏரிக்கு வரும் தண்ணீரையும் நிலத்தடி நீரையும் நம்பியிருக்கிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் என்ன செய்தது என்பதைக் கரையோர ஊர்கள் மறந்திருக்காது. அப்படிப்பட்ட இடத்தில் துளையிடும் சேற்றுக்கும் கழிவு நீருக்கும் குட்டை வெட்டினால், வெள்ளம் வரும் நாளையும் கணக்கில் வைத்தாக வேண்டும்.

சட்டப் பாதுகாப்பு எவ்வளவு? தமிழ்நாடு 2020-ல் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளைத் தடுக்கிறது. கடலூர் மாவட்டத்தில் அது காட்டுமன்னார்கோவில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஆகிய 5 ஒன்றியங்களுக்கே பொருந்தும். பாகூரை ஒட்டிய கடலூர் ஒன்றியம் அதில் இல்லை. புதுச்சேரி தனி ஆட்சிப்பகுதி என்பதால் அந்தச் சட்டம் இங்கே செல்லாது. மேலும், அச்சட்டம் குழாய்ப் பாதை போன்ற கட்டமைப்புகளுக்கு விலக்கு அளிக்கிறது. வயல்களை இணைப்பதே குழாய்தான்.

1962-ம் ஆண்டின் பெட்ரோலியக் குழாய்ப் பாதைச் சட்டப்படி நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும். பயன்பாட்டு உரிமை மட்டும் போகும். குழாய்க்கு மேல் பயிர் செய்யலாம். வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் வைக்கவோ முடியாது. பயிர்ச் சேதத்துக்கான இழப்பீடு தனி. உரிமைக்காகக் கிடைப்பது நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதம். அறிவிக்கை வந்த 21 நாட்களுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். நாள் தவறினால் வாய்ப்பு போய்விடும். குழாய் விபத்து வெறும் கற்பனையும் அல்ல. 2017 ஜூன் 30-ல் கதிராமங்கலத்தில் கசிந்தது எண்ணெய்க் குழாய்தான்.

2020 ஜனவரியில் வந்த சுற்றுச்சூழல் அறிவிக்கை, ஆய்வுக் கிணறுகளுக்கு மக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று ஆக்கிவிட்டது. உற்பத்திக்குச் செல்லும்போது கருத்துக்கேட்பு உண்டு. அந்தக் கூட்டத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: லாபத்தை எல்லா வயல்களையும் சேர்த்துக் கணக்கிடும்போது, பாதிப்பை மட்டும் கிணறு கிணறாகப் பிரித்துக் காட்டலாமா? மொத்தம் எத்தனை கிணறு, குழாய் எந்த ஊர்கள் வழியாகப் போகும், உப்பு நீர் எங்கே சேரும் என்பதை ஒரே வரைபடத்தில் காட்டச் சொல்ல வேண்டும். புதுச்சேரி ஊரும் கடலூர் ஊரும் பின்னிக் கிடக்கும் இந்தப் பகுதியில், நிலத்தடி நீருக்கு எல்லைக்கல் கிடையாது. எனவே இரு அரசுகளும் சேர்ந்தே இதை ஆராய வேண்டும்.

திட்டம் எதுவும் வரும் முன்பே செய்யக்கூடிய வேலை ஒன்றும் உண்டு. கோடையிலும் மழைக்குப் பிறகும் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பரிசோதித்து, உப்பு நிலையைத் தேதியோடு பதிந்து வையுங்கள். குரும்பாப்பட்டு வேளாண் அறிவியல் நிலையத்திலோ, உங்கள் பகுதி வேளாண் அலுவலரிடமோ வழி கேட்கலாம். கரையோரத்தில் கடல்நீர் உட்புகுவதாலும் உப்பு ஏறும். பிற்காலத்தில் நீர் கெட்டால், அதற்குக் காரணம் கடலா, கிணறா என்று கேள்வி எழும். பழைய பதிவு கையில் இருப்பவரால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.