ஈறுகளுக்கு நாம் பட்ட கடன்

அண்மையில் ஒரு கருத்தரங்கில் மூத்த ஆய்வாளர் ஒருவர் கூறினார்: “மாதிரி எடுப்பது நம் வேலை, சிகிச்சை மருத்துவமனையின் வேலை.” அரங்கில் பலர் தலையசைத்தனர். ஈறு நோயில் உடலின் எதிர்ப்பாற்றல் எவ்வாறு இயங்குகிறது என்பதை ஆராய்வதையே வாழ்க்கைப் பணியாக ஏற்றுக்கொண்ட நான், இதனை மறுத்தேயாக வேண்டும்.

நம் துறையின் அடித்தளத்தை நினைவுகூர்வோம். 1970இல் நார்வே நாட்டு அறிஞர் ஹரால்ட் லோவும் அவர்தம் குழுவினரும் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாய்களைச் சோதிக்கத் தொடங்கினர். பல் மருத்துவமே எட்டாத மனிதர்கள் அவர்கள். 15 ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1986இல் வெளிவந்தது. ஏறக்குறைய எல்லோர் பற்களிலும் படலமும் காரையும் இருந்தன. எல்லோர் ஈறுகளும் அழன்றிருந்தன. ஆயினும் 8 சதவீதத்தினருக்கு நோய் விரைந்து முற்றியது; 81 சதவீதத்தினருக்கு மிதமாக வளர்ந்தது; 11 சதவீதத்தினருக்கு ஈறழற்சியைத் தாண்டவேயில்லை. விரைந்து முற்றியவர்கள் 45 வயதுக்குள் பற்களை முற்றிலும் இழந்தனர்.

அழுக்கு ஒன்று, விளைவு மூன்று. கிருமி மட்டுமே காரணமன்று, அதனை எதிர்கொள்ளும் உடலும் காரணம் என்னும் சிந்தனைக்கு இவ்வாய்வு பெரும் வலுச் சேர்த்தது. காக்க வரும் நியூட்ரோஃபில்களே திசுவைச் சிதைப்பதையும், டி, பி உயிரணுக்கள் வெளியிடும் ரேங்க்-எல் புரதம் எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களைத் தூண்டுவதையும் இன்று நாம் ஆராய்கிறோம். நம் பட்டங்களுக்கும் பதவிகளுக்கும் அந்த வாய்கள் அடிக்கல்.

அவை யாருடைய வாய்கள்? மலையகத் தமிழருடையவை. 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கிய மக்கள். 1964இன் ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பலேற்றப்பட்டுக்கொண்டிருந்த மக்கள். நம் வகுப்புகளில் சதவீதங்களை மனப்பாடம் செய்கிறோம்; இந்த வரலாற்றை எவரும் சொல்லித் தருவதில்லை. அவ்வாய்வின் தலைப்பு நோயின் ‘இயற்கைப் போக்கு’ என்கிறது. லயன் அறையும் கூலியும் மருத்துவரின்மையும் இயற்கையா? மறுக்கப்பட்டதை இயற்கை என்று பெயரிட்டோம்; அதுவே என் குற்றச்சாட்டு.

சிகிச்சை அளித்திருந்தால் இந்த உண்மை தெரிந்திருக்காதே என்பார்கள். அன்றைக்கு அவ்வாதத்துக்கு ஓரளவு இடமிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். இன்று இல்லை. ஈற்றிடுக்கு நீரைக் காகிதக் கீற்றில் எடுக்கச் சில நொடிகள் போதும். மாதிரி எடுத்த பின் காரையை அகற்றினால் எந்தத் தரவும் கெடாது. சிகிச்சைக்குப் பின் மீண்டும் எடுத்தால் தரவு வளமாகும்.

தாராவியில் தோல் தொழிலை நாடித் திருநெல்வேலியிலிருந்து வந்தோரின் பேரப்பிள்ளைகள் வாழ்கின்றனர். செம்பூரில் தங்கி மாட்டுங்கா வழியாக நான் ஆய்வகம் செல்லும் பாதையில்தான் அவ்வூர் இருக்கிறது. நம் ஆய்வுத் திட்டங்களில் பெரும்பாலும் காணும் வரி: ‘சர்க்கரை நோயாளரும் புகையிலை பயன்படுத்துவோரும் விலக்கப்படுவர்.’ குழப்பும் காரணிகளை நீக்க இது தேவை என்பதை அறிவேன். ஆனால் மிஸ்ரி தேய்க்கும் பாட்டியையும் சர்க்கரை நோயுள்ள தையல்காரரையும் எல்லா ஆய்வுகளும் விலக்கினால், நோய் மிகுதியாக வருத்துவோரைப் பற்றி நம் அறிவியல் என்ன சொல்லும்? அவர்களைத் தனிக் குழுவாகச் சேர்க்க எது தடை? முடிவு அழகாக வராது, உயர்ந்த இதழ் ஏற்காது என்னும் அச்சமே தடை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் துணைச் சிகிச்சையையும் பயன் பகிர்வையும் பேசுகின்றன. ஆகவே நான் கேட்பது சலுகையன்று.

சக ஆய்வாளர்களே, மாணவர்களே, உங்கள் அடுத்த திட்ட வரைவில் மூன்றை எழுதுங்கள்: மாதிரி தந்த ஒவ்வொருவருக்கும் ஈறு சிகிச்சை, அதற்கெனத் தனி நிதி, முடிவை அவர்தம் மொழியில் அவரிடமே சொல்லும் ஒரு நாள். நெறிமுறைக் குழுவில் அமர்ந்திருப்போரே, இம்மூன்றும் இல்லாத வரைவைத் திருப்பி அனுப்புங்கள்.