காலுக்குத்தானே செருப்பு!

கம்ப்யூட்டரில் எழுத உட்காரும் நம் வயதுக்காரர்கள் பலர், "இது நமக்குச் சரிப்படாது" என்று பத்தே நாளில் நோட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். சொல்ல வேண்டிய பழைய கதைகள் அப்படியே நின்றுபோகின்றன. குறை வயதில் இல்லை; வேர்டை வந்தபடியே வைத்துக்கொள்வதில்தான். செருப்புக்காகக் காலை வெட்டுவார்களா?

முதலில் விசைப்பலகை. புதிதாகக் கற்பவருக்கு, 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 நல்லது. ஆனால் தமிழ் டைப்ரைட்டிங்கில் ஊறிய விரல்களை ஏன் வதைக்க வேண்டும்? என்.எச்.எம். ரைட்டர் என்ற இலவச மென்பொருளில் பழைய தட்டச்சு முறையும் உண்டு.

அடுத்து கண். எழுத்தின் அளவை 20 ஆக்கினால், அச்சிடும்போது பக்கம் பெருகும். கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி மவுஸ் சக்கரத்தை உருட்டுங்கள். திரையில் மட்டும் பெரிதாகும்.

மூன்றாவது, சிவப்பு நெளிகோடு. ஊர்ப்பெயரும் பேச்சு வழக்கும் எழுதும்போது வாத்தியார் மாதிரி குறுக்கிடும். ஆப்ஷன்ஸில் ப்ரூஃபிங் பகுதிக்குப் போய் நிறுத்திவிடுங்கள். பிழை பார்ப்பது எழுதி முடித்த பிறகு.

பேரன் அரை மணி நேரத்தில் செய்து தருவான். "உன் வசதிப்படி வேண்டாம்டா, என் வசதிப்படி வை" என்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.