தந்தையாரை எழுதுதல்

இம்மலரின் நினைவுப் பக்கங்களுக்கென, இக்கல்லூரியிற் பயின்று பொறியியலாளராய்க் கடமையாற்றி ஓய்வுபெற்று மறைந்த என் தந்தையாரைப் பற்றி எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டிருந்தனர். எழுதினேன். எழுதியதை வாசித்துப் பார்த்தபொழுது, அஃது எவருடைய தந்தையாருக்கும் பொருந்துவதாயிருந்தது. கடமை தவறாதவர், பண்பாளர், பதவிகள் பல வகித்தவர். பெயரை மட்டும் மாற்றினால் அயல் வீட்டாருக்கும் உதவும். நம் மலர்களில் வரும் நினைவுக் கட்டுரைகளிற் பல இவ்வாறே அமைகின்றன என்று கூறுவதற்கு அன்பர்கள் பொறுத்தருள்க. உயர்ந்த பதவியோடு வரலாறு முடிந்துவிடுகிறது. அதன்பின் அவர் வாழ்ந்த நெடுங்காலம் ஒரு வரியிற் கழிகிறது. குறைகளோ அறவே மறைகின்றன. இதனை மரியாதை என்கிறோம். மறதி என்பதே என் கருத்து.

இவ்வாறு நான் எண்ணுவதற்குக் காரணமானவர் வாஷிங்டன் றோப்ளிங் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். 1837 இற் பிறந்து 89 ஆண்டுகள் வாழ்ந்தவர். 1861 இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபொழுது சாதாரணச் சிப்பாயாகப் படையிற் சேர்ந்தார். படைகள் ஆறு கடக்கத் தொங்குபாலங்கள் அமைத்தார். கெற்றிஸ்பேர்க் போரிற் பாறைக் குன்றொன்றின்மேற் பீரங்கியை இழுத்தேற்றவும் கைகொடுத்தார். 1865 இல் கௌரவ கேணலாகப் படையை விட்டு நீங்கினார்.

நியூ யோர்க்கிலுள்ள புறூக்கிளின் பாலத்தைத் திட்டமிட்டவர் அவர் தந்தையார் ஜோன் றோப்ளிங். 1869 இல் தோணித்துறையிற் கால் நசுங்கி, ஏற்புவலி கண்டு தந்தையார் இறக்க, 32 வயது மகன் அப்பெரும் பணியைப் பொறுப்பேற்றார். அடியில்லாத பெரிய மரப்பெட்டிகளை ஆற்றில் இறக்கி, அழுத்திய காற்றை உள்ளே செலுத்தி, அதனுள் மனிதர் நின்று மண்ணை அகழ்ந்தனர். அங்கிருந்து விரைந்து வெளியேறுவோரை ஒரு கொடிய நோய் பற்றிற்று. 1872 இல் அது றோப்ளிங்கையும் வீழ்த்தியது. அதன்பின் நோயாளியாய் இருந்தபடியே பணியை நடத்தினார். மனைவியார் எமிலி பொறியியல் நுட்பங்களைக் கற்று, அவர் கட்டளைகளைப் பணித்தலத்துக்குக் கொண்டு சென்றார். 1883 மே 24 இற் பாலம் திறக்கப்பட்டது.

இவ்வளவும் பலர் அறிந்தது. பலர் இவ்விடத்தே நிறுத்திவிடுவர். அவரோ மேலும் 43 ஆண்டுகள் வாழ்ந்தார். நோய் முற்றாக நீங்கவில்லை. கனிப்பொருள்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1903 இல் எமிலியை இழந்தார். 1921 இல், 84 ஆவது வயதில், குடும்பத்தின் கம்பித் தொழிலகத்துக்கு மீண்டும் தலைமை ஏற்றார். அவ்வயதில் நம்மவர் ஒருவர் கந்தோருக்குப் புறப்பட்டால் வீட்டார் வாயிலை மறித்து நிற்பர்!

பாலப் பணியில் நிகழ்ந்த ஒன்றை மாணவர் கவனிக்க வேண்டும். 1878 இற் கம்பி வழங்கிய ஒப்பந்தகாரர், பரிசோதனைக்கு நல்ல கம்பியைக் காட்டிவிட்டு, பழுதானதைப் பாலத்துக்கு அனுப்பி வந்தமை வெளிப்பட்டது. அதற்குள் அது வடங்களிற் பின்னப்பட்டுவிட்டது, பிரித்தெடுக்க இயலாது. தேவைக்கு ஆறு மடங்கு வலிமை இருக்குமாறு வடங்கள் கணிக்கப்பட்டிருந்தன. பழுதைக் கழித்தாலும் ஏறக்குறைய ஐந்து மடங்கு எஞ்சும் என றோப்ளிங் கணக்கிட்டு, ஒவ்வொரு வடத்திலும் சுமார் 150 கம்பிகளைக் கூடுதலாகச் சேர்ப்பித்தார். பழுதான கம்பி இன்றும் உள்ளே இருக்கிறது, பாலமும் நிற்கிறது. குறையை மறைக்கவில்லை, கணக்கிற் சேர்த்துக்கொண்டார்.

தந்தையாரைப் பற்றி எழுதியபொழுதும் அவ்வாறே செய்தார். முதுமையில் அவர் எழுதிவைத்த தந்தையாரின் வரலாறு 2009 இல் நூலாக வெளிவந்தது. 1855 இல் நயகரா ஆற்றின்மேல் புகையிரதம் ஓடத் தொங்குபாலம் அமைத்த மேதையை அதிற் காணலாம். மனைவி மக்களை அடித்து வதைத்த மனிதனையும், இறுதி நோயில் வைத்தியரை ஒதுக்கி நீர்ச் சிகிச்சையையே பற்றி நின்ற பிடிவாதக்காரனையும் அதிலேயே காணலாம். ஆயினும் இம்மகன் தம் ஒரே மைந்தனுக்குத் தந்தையாரின் பெயரையே இட்டார். அக்குழந்தை 1867 இற் பிறந்ததும், பாலத் தொழில்நுட்பம் பயிலச் சென்ற பயணத்தில், தந்தையார் பிறந்த ஜேர்மானிய ஊரிலேயே. 1926 இல் வாஷிங்டன் றோப்ளிங் மறைந்தபின், அவர் சேர்த்த 16,000 க்கும் மேற்பட்ட கனிப்பொருள்களை அம்மைந்தன் சிமித்சோனியன் நிறுவனத்துக்கு அளித்தார்.

இறந்தோரின் குறைகளைப் பேசுவது நம் மரபன்று என்று சிலர் கூறுவர். வீட்டுச் செய்தி யாவற்றையும் அச்சேற்றுமாறு நானும் கூறவில்லை, மலர் நீதிமன்றமன்று. ஆனால் குற்றமற்ற மூதாதையரை மட்டுமே காணும் மாணவன், தன் குறைகளை எண்ணி, நான் இவர்கள் வழியினன் அல்லன் என்றன்றோ நினைப்பான்?

ஆகவே என் கட்டுரையைத் திருத்தி எழுதியுள்ளேன். தந்தையாரின் கோபம் அதில் இடம்பெற்றுள்ளது. அதனால் எங்கள் வீட்டில் நிலவிய மௌனமும் உண்டு. ஓய்வுபெற்றபின் ஊராரின் நீரிறைக்கும் இயந்திரங்களைக் கூலி வாங்காது திருத்திக் கொடுத்த ஆண்டுகளும், நாள்தோறும் மழையை அளந்து எழுதிய கொப்பிகளும் உண்டு. இடம் போதாதெனில் குழுவினர் பதவிகளின் பட்டியலை வெட்டலாம். மற்றவற்றை விட்டுவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.