கேட்காமல் விட்ட வீடுகள்

ஜனாதிபதித் தேர்தல் வந்துவிட்டால் அமெரிக்காவில் ஆளுக்கு ஆள் ஜோஸ்யர்தான். ஒரு காலத்தில் அவர்களில் பெரிய ஜோஸ்யர் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்னும் வாரப் பத்திரிகை. 1916 முதல் 1932 வரை ஐந்து தேர்தல்களிலும் ஜெயிப்பவரை முன்கூட்டியே சொல்லிப் பேர் வாங்கியது.

1936-இல் ரூஸ்வெல்ட்டுக்கும் லாண்டனுக்கும் போட்டி. பத்திரிகை சுமார் 1 கோடிப் பேருக்கு மாதிரி வோட்டுச் சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்து, “லாண்டன்தான்!” என்று அடித்துச் சொன்னது.

நடந்தது என்ன தெரியுமா? 48 ராஜ்யங்களில் 46 ரூஸ்வெல்ட் பக்கம்! 1938-இல் பத்திரிகையே நின்றுபோயிற்று.

விலாசங்களைப் பெரும்பாலும் டெலிபோன் புத்தகத்திலிருந்தும் கார் வைத்திருப்போர் ஜாபிதாவிலிருந்தும் எடுத்திருந்தார்கள். அதுவோ வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடிய காலம். காரும் டெலிபோனும் இல்லாத வீடுகளை யார் கேட்டார்கள்? கேட்கப்பட்டவர்களிலும் முக்கால்வாசிப் பேர் பதில் போடவில்லை. அதே தேர்தலில் டாக்டர் காலப், பல தரத்து மக்களிலும் சுமார் 50,000 பேரை விசாரித்தே ரூஸ்வெல்ட் ஜெயிப்பார் என்று சொல்லிவிட்டார்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், வாஸ்தவம். ஆனால் மேலாக மிதக்கும் பருக்கையை நம்பியா கஞ்சி வடிக்கிறீர்கள்? அடிவரை கிளறியல்லவா எடுக்கிறீர்கள்?

“உங்கள் வோட்டு யாருக்கு அம்மா?” என்று உங்களை யாரும் வந்து கேட்கவில்லையா? போகட்டும். வாக்குச் சாவடி கேட்கும். அன்றைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்!